பாரிசவாதமும் ஒரு சாமப் பொழுதும்

முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையோரமாகச் செல்லும் வீதி, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றபின் ஒரு பெருங்களப்பின் கரையை அடைகின்றது. அக்களப்பின் முகத்துவாரத்தருகே உள்ள ஊர் கொக்கிளாய். பழைய வன்னியிலே கரிக்கட்டுமூலைப் பற்றில் அடங்கியிருந்தது. ஊர்ப் பெயரின் முற்பகுதியிலேயே கொக்கு இருக்கின்றது. பெயருக்கேற்ப, அக்களப்பு 1951 ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. களப்பில் இறாலும் நண்டும், கடலிற் கரைவலையும், கரையிலே கருவாட்டு வாடியுமாக வாழும் மக்களின் ஊர் அது.

நேயர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்டது பறவைகளைப் பற்றியன்று. பாரிசவாதம் என்னும் நோயின் வரலாற்றைப் பற்றியது. சிறப்பாக, அந்நோயை அறிவிக்குங் குறிகளை மனிதர் எக்காலத்திற் கண்டனர், கண்டு யாது செய்தனர் என்பதைப் பற்றியது. அதற்குக் கொக்கிளாய் எதற்கு என்று நீங்கள் வினவலாம். இந்நோயின் வரலாறு இன்று வந்து நிற்குமிடம் நேரமும் தூரமுமே. பெரிய வைத்தியசாலைக்கு அயலிற் குடியிருப்பவர் இவ்விரண்டையும் மறந்துவிட்டு இக்கதையைக் கேட்கலாம். கொக்கிளாயிலே குடியிருப்பவர் அவ்வாறு கேட்டல் இயலாது. வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். பாரிசம் என்பது பக்கம். உடலின் ஒரு பக்கத்தை வாதம் பற்றுவதாற் பாரிசவாதம். தமிழகத்தார் பக்கவாதம் என்பர். நம் முன்னோர் நோய் எங்கே தோன்றுகின்றது என்று பார்த்துப் பெயரிட்டனர். கிரேக்கர் அவ்வாறன்றி, அஃது எப்படி வருகின்றது என்று பார்த்தனர். அவர்கள் இட்ட பெயருக்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்பது பொருள். ஆங்கிலேயர் இன்று வழங்கும் சொல்லுக்கும் 'அடி' என்பதே பொருள்; கடவுளின் கரம் அடித்தது என்னும் கருத்திற் பிறந்த சொல் அது. ஒருவர் பக்கத்தைக் கண்டனர், மற்றையவர் அடியைக் கண்டனர். இரு சாராரும் தலையினுள்ளே நிகழ்வதைப் பெயரிலே குறித்தாரல்லர். அடித்தவர் கடவுளாயின் அடுத்து மனிதன் செய்யத்தக்கது யாது? பிடித்தது காற்றாயின் அதனை விரட்ட எண்ணெயும் ஒற்றடமும் அன்றி வேறு யாது? பெயரிலேயே வைத்தியமும் அடங்கிவிட்டது.

ஆயினுங் குறிகளை அவர்கள் அறியாதிருந்தாரல்லர். இதனை அழுத்திச் சொல்லவேண்டும். சித்த வைத்திய மரபு வாதநோய்களை எண்பதாக வகுத்தது. முகம் ஒருபுறங் கோணுதல், கையுங் காலும் சோர்தல், நாக் குழறுதல் ஆகியவற்றைத் தனித்தனியே கண்டு, முகத்தை மட்டும் பற்றும் வாதம் வேறு, பாதியுடலைப் பற்றும் வாதம் வேறு என்று பிரித்தது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இம்மரபில் வந்தவையே. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் இருபதாம் நூற்றாண்டிற் பகுதி பகுதியாகப் பதிப்பித்து நமக்குக் காத்துத் தந்தார். வன்னியிலே ஏட்டிலுங் கையனுபவத்திலும் இதே அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தவர்கள் ஊர்ப் பரியாரிமார். கிரேக்க தேசத்து ஹிப்போகிரட்டீசின் மரபினரும் திடீர்த் தலைவலியும் பேச்சிழப்புங் குறட்டையொலியுஞ் சேர்ந்து வருதலைக் குறித்து வைத்துள்ளனர். தலையின் ஒருபுறத்தே காயமுற்றவனுக்கு உடலின் மறுபுறத்தே கேடு தோன்றுவதையும் அவர்கள் கண்டிருந்தனர்.

ஆகவே, கோணிய வாயும் தொய்ந்த கையும் குழறிய நாவும் மனிதருக்குப் புதியன அல்ல. அக்குறிகள் எதைச் சொல்லின என்பதே காலந்தோறும் மாறிற்று. பழைய வைத்தியருக்கு அவை முடிவைச் சொல்லின: இவன் பிழைப்பானா, மாள்வானா, பிழைத்தால் எவ்வளவு நடப்பான். குறியைக் கொண்டு வருவதுரைப்பதே அக்காலத்து வைத்தியரின் திறமை. விரைந்து செய்யத்தக்கது ஒன்றும் இல்லாதபோது விரைவு எதற்கு?

தலையினுள்ளே நிகழ்வதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் சுவிற்சர்லாந்து தேசத்து யொஹான் வெப்ஃபர் என்பவர். 1658 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலே, இந்நோயால் இறந்தோரின் உடலங்களைத் தாமே அறுத்து நோக்கி, மூளையினுள் இரத்தம் பெருகிக் கிடந்ததை எழுதினார். இரத்தம் செல்லும் வழி அடைபட்டாலும் இந்நோய் வரும் என்றுங் கருதினார். இன்று வைத்தியர்கள் கூறும் இருவகையும் அங்கேயே இருக்கின்றன: குழாய் வெடித்து இரத்தம் பெருகுதல் ஒன்று, குழாய் அடைபட்டு இரத்தம் போகாதொழிதல் ஒன்று. பின்னதே மிகுதியாக வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே ஜெர்மனி தேசத்து விர்ச்சோ என்பவர், இரத்தம் குழாயினுள்ளே கட்டியாய் உறைவதையும், அக்கட்டி ஓரிடத்திலிருந்து பெயர்ந்து ஓடி வேறோரிடத்தில் அடைப்பதையும் விளக்கினார். காற்று என்றும் கடவுளின் அடி என்றும் எண்ணப்பட்டது, வாய்க்காலிற் சேறடைப்பது போன்ற ஒரு செய்தியாயிற்று. வாய்க்கால் அடைபட்டால் வயல் உடனே வாடாது. சிறிது பொழுது தாங்கும். அந்தச் சிறிது பொழுது எவ்வளவு என்னும் வினாவை எழுப்ப உலகம் மேலும் நூறாண்டு எடுத்துக்கொண்டது.

நாக் குழறுதலுக்கும் ஒரு தனிக் கதை உண்டு. 1861 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து அறுவை வைத்தியர் புரோக்கா என்பார், பல்லாண்டுகளாக ஒரே ஓர் அசையை மட்டுமே சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, இடப்புறத்து முன்பகுதியிலே பழுதைக் கண்டார். பிறர் சொன்னது அந்நோயாளிக்கு விளங்கியது. மறுமொழி சொல்லத்தான் இயலவில்லை. பேச்சு மூளையின் இடப்புறத்தைச் சார்ந்தது என்னும் அறிவு அதன்பின் உறுதிப்பட்டது. வலக்கை சோர்ந்தவருக்குப் பேச்சும் போவதை நம்மவர் கண்டிருப்பர்; காரணம் இதுவே. படுக்கையிற் கிடப்பவருக்கு ஒன்றும் விளங்காது என்று எண்ணி, அவர் தலைமாட்டில் நின்றே சொத்துப் பிரிவினை பேசும் உறவினர் இச்செய்தியைச் சிறிது நினைத்தல் நன்று.

புரோக்கா வாழ்ந்த அதே காலத்தவராய், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தார். 1847 இல் இலங்கைக்கு வந்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க இயலும் என்று நம்பி, 1864 முதல் அவ்வாறே கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட மாணவரை வைத்தியராக்கினார். மனிதவுடலின் அமைப்பைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்', நோய்களையும் அவற்றின் குறிகளையும் சிகிச்சையையும் கூறும் 'வைத்தியாகரம்' என்னும் பெருநூல்கள் 1872 இல் வெளிவந்தன. மூளையின் அமைப்பைத் தமிழ் மாணவன் தன் மொழியிற் படிக்கும் நிலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நமக்கு இருந்தது. அவருக்குப்பின் அவ்வழி அடைபட்டுப் போனது நம் தவக்குறைவு என்றே சொல்வேன். எனினும், கிறீன் அவர்களின் மாணவருங்கூடப் பாரிசவாதத்தின் முன் ஏறக்குறையக் கையைக் கட்டிக்கொண்டே நின்றிருப்பர். அக்காலத்து ஐரோப்பா இந்நோய்க்குச் செய்துவந்தது பெரும்பாலும் நரம்பைக் கீறி இரத்தம் எடுப்பதே. இன்று கைத்தொலைபேசிகளிலே, வாதம் விழுந்தவரின் விரல் நுனிகளை ஊசியாற் குத்தி இரத்தந் துளிக்கவிட்டால் உடனே சுகம் வரும் என்றொரு செய்தி அடிக்கடி உலவுகின்றது. அது பொய். அதனாற் போவது சில துளி இரத்தமும் பல நிமிடங்களுமே.

இனி, குறி தோன்றுமுன்னரே இருக்கும் குறி ஒன்றைச் சொல்லவேண்டும். அஃது இரத்த அழுத்தம். கண்ணுக்குப் புலப்படாத இக்குறியை அளக்கும் புயப்பட்டியை இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896 இற் செய்தார். ரஷ்யரான கொரொற்கொவ் 1905 இல், காதிலே குழாயை வைத்துக் கேட்டளக்கும் முறையைச் சொன்னார். நாம் வைத்தியசாலையிற் கையை நீட்டும்போது கட்டப்படுவது இவ்விருவரின் கொடையே. அளக்கத் தெரிந்ததேயன்றிக் குறைக்கத் தெரியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அவர்களின் கதை இதற்குச் சான்று. 1944 மார்ச்சில் அவருடைய அழுத்தம் 186 இன் கீழ் 108 என்று அளக்கப்பட்டது. உப்பைக் குறைத்தனர், ஓய்வு கொள்ளச் சொன்னர். அதற்குமேல் வல்ல மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரில் 12 ஆம் நாள், ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருக்கையில், தலையின் பின்புறத்தே கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்பொழுது அழுத்தம் 300 ஐக் கடந்திருந்தது. சில மணி நேரத்தில் இறந்தார். வயது 63. அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரை 1958 இல் வந்தது. அவ்வாறு குறைத்தாற் பாரிசவாதமுங் குறையும் என்பதை 1967, 1970 ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க ஆய்வுகள் நிலைநாட்டின. உலகத் தலைவருக்குக் கிட்டாத மருந்து இன்று நம் நாட்டின் சிற்றூர் மருந்தகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றது. கிடைத்தும், தலையிடி இல்லையே என்று நிறுத்திவிடுகின்றோம். அழுத்தம் பெரும்பாலும் நோவு தருவதில்லை. அதுதான் அதன் வஞ்சகம்.

கருவாட்டு வாடியிலே வாழ்வு நடத்தும் ஒருவரிடம் உப்பைக் குறை என்று சொல்ல எனக்குச் சிறிது கூச்சமுண்டு. அவர் ஊரே உப்புக் காற்றிலுள்ளது. ஆயினும் விற்பதற்குக் கருவாடு, உண்பதற்குப் பச்சை மீன் என்று வகுத்துக்கொள்ளக் கூடியவரும் அவரே.

1953 ஆம் ஆண்டு இந்நோயின் வரலாற்றில் விசித்திரமானது. அவ்வாண்டில் உலகின் பேராற்றல் படைத்த இருவரை அது தாக்கியது. மார்ச் முதலாந் திகதி சோவியத் நாட்டுத் தலைவர் ஸ்டாலின் தம் அறையைவிட்டு வெளிவரவில்லை. அழைக்காமல் உள்ளே செல்லக் காவலர் அஞ்சினர். பகல் முழுவதும் கழிந்து, இரவிலே ஒருவர் துணிந்து உட்சென்றபோது அவர் தரையிலே பேச்சிழந்து கிடந்தார். வைத்தியர்கள் வந்தது மறுநாட் காலையில். மார்ச் 5 ஆம் நாள் இறந்தார். அன்றைய மருத்துவம் அவரைக் காத்திருக்கும் என்பதற்கில்லை. ஆயினும் கோடிக்கணக்கானோரை அஞ்சவைத்தவரின் கதவைத் தட்ட ஒருவருமில்லாது போயிற்று. அதே ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் இங்கிலாந்துப் பிரதமர் சேர்ச்சில், தாம் அளித்த விருந்தொன்றின் முடிவிலே நாற்காலியிற் சோர்ந்தார். களைப்பென்று எண்ணி விருந்தினர் கலைந்தனர். மறுநாள் மந்திரிசபைக் கூட்டத்தையும் அவரே நடத்தினார். உடனிருந்த மந்திரிமாரும் அவர் பேச்சுக் குறைந்திருந்ததை அன்றி வேறொன்றையும் அறிந்திலர். நான்காண்டுகளுக்கு முன், 1949 ஓகஸ்ற்றில், அவருக்குச் சிறிய தாக்கமொன்று வந்து போயிருந்தது. வந்து போனதை மறைத்தனர். வந்து நின்றதையும் மறைத்தனர்.

நம் நாட்டிலோ அதற்கு முந்திய ஆண்டு, 1952 மார்ச் 21 ஆம் நாட் காலையில், முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அவர்கள் கொழும்புக் காலிமுகத் திடலிலே குதிரையேறிச் சென்றபோது கீழே வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார் என்றே ஊர் பேசியது. ஆனாற் குதிரைமீது இருக்கையிலேயே பாரிசவாதம் தாக்கியதால் வீழ்ந்தார் என்பதே வரலாற்றாசிரியர் கூறுவது. இவ்விரண்டின் வேற்றுமை சிறிதன்று. நம் ஊர்களிலே எத்தனை பேர் கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தார், தோணியிலிருந்து இறங்குகையில் இடறி வீழ்ந்தார், அதனால் வாதம் வந்தது என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம்! வீழ்ச்சி வாதத்தை அழைத்ததா, வாதம் அவரை வீழ்த்தியதா என்று கேட்பாரில்லை. நாக் குழறிச் சாய்பவனைக் கள்ளுண்டவன் என்று ஒதுக்கிவிடுதலும் இதைப்போன்றதே.

வந்து போகும் சிறு தாக்கத்தின் மேல் வைத்தியவுலகின் கவனத்தைத் திருப்பியவர் கனடா தேசத்து மில்லர் பிஷர். 1951 இல் அவர் எழுதிய கட்டுரை, கழுத்திலுள்ள பெருங்குழாய் அடைபடுவதே பல பாரிசவாதங்களுக்குக் காரணம் என்று காட்டியது. பாரிசவாதம் வந்தோரின் வரலாற்றை விசாரித்தபோது, பெருந்தாக்கத்துக்கு முன்னரே சிலருக்குச் சின்னஞ்சிறு தாக்கங்கள் வந்து போயிருந்தமை தெரியவந்தது. ஒரு கண்ணிலே திரை விழுந்தாற்போல் இருளும். சில நிமிடத்தில் விலகும். கையிலிருந்த கோப்பை நழுவும்; பின் கை நேராகும். சொல்ல நினைத்த சொல் வராது, பிறகு வரும். 'காற்றுப் பிடித்தது, விட்டுவிட்டது' என்று நாம் மகிழ்ந்து அன்றிரவு உறங்கப் போகின்றோம். அபாயம் மிகுந்திருப்பது அடுத்த இரண்டு நாட்களிலேயே. இத்தகையோரை உடனுக்குடன் சோதித்து மருந்து கொடுத்தால், அடுத்த மூன்று மாதங்களில் வரவிருந்த பாரிசவாதங்களில் ஐந்தில் நான்கைத் தடுக்கலாம் என்று ஒக்ஸ்போர்டில் நிகழ்ந்த ஆய்வொன்று 2007 இற் காட்டியது. குறிகள் யாவற்றிலும் மிகுந்த பயனுடையது தானே மறையுங் குறியே. மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே.

இத்தனைக்குப் பின்னும், பெருந்தாக்கம் வந்தபோது வைத்தியருக்கு ஒரு பெருந்தடை இருந்தது. உள்ளே நிகழ்ந்தது வெடிப்பா, அடைப்பா? வெளியிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்து வெடிப்புக்கு நஞ்சு. இத்தடையை நீக்கியவர் ஒரு வைத்தியருமல்லர். ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர். அவர் பணியாற்றியது, வானொலி நேயர்கள் நன்கறிந்த ஈ. எம். ஐ. என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில்! தலையைத் திறவாமலே உள்ளே காட்டும் சி. ரி. ஸ்கான் கருவியால் 1971 ஒக்ரோபர் முதலாந் திகதி இலண்டனில் முதல் நோயாளி சோதிக்கப்பட்டார். 1979 இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அடுத்த படி மருந்து. 1995 டிசெம்பரிலே அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 624 நோயாளரிற் பாதிப் பேருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஊசிமூலம் கொடுக்கப்பட்டது. மூன்று மாதங்களின் பின், பழுதின்றியோ மிகச் சிறு பழுதுடனோ தேறியவர் மருந்து பெற்றவர்களிடையே கூடுதலாயிருந்தனர். அபாயமும் இல்லாமலில்லை: மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஆறு பேரளவில் மூளையில் இரத்தம் பெருகியது. ஒரு நிபந்தனை இருந்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏறவேண்டும். மூன்று மணி நேரம் என்பது நம் பழங்கணக்கிலே ஏழரை நாழிகை. சரியாக ஒரு சாமம். ஏழரை என்றவுடன் நம்மவருக்குச் சனியன் நினைவுக்கு வருவான்; இந்த ஏழரை அவ்வாறன்று. 2008 இல் இவ்வெல்லை நாலரை மணியாக நீண்டது. 2015 முதல், அடைத்த கட்டியைத் தொடைவழியே நுண்குழாய் செலுத்தி இழுத்தெடுக்கும் முறை உறுதிப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படும் என்று 2018 இல் அறியலாயிற்று. எல்லை நீண்டதென்று அசட்டையாயிருத்தல் கூடாது. பெருங்குழாய் அடைபட்டு, ஒன்றுஞ் செய்யப்படாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையிலே 19 இலட்சம் நரம்பணுக்கள் அழியும் என்று 2006 இற் கணக்கிட்டுள்ளனர். ஒரு மணி நேரத்துக்கு அது 11 கோடியைத் தாண்டும்.

குறியின் பொருள் இங்ஙனம் மாறிற்று. முன்பு முடிவைச் சொன்ன குறி, இப்பொழுது நேரத்தைச் சொல்கின்றது. முன்பு வைத்தியர் வந்து படிக்கவேண்டியிருந்ததை இப்பொழுது வீட்டிலிருப்பவர் படிக்கவேண்டியதாயிற்று. ஆதலின் 1990 களின் பிற்பகுதியில், அம்புலன்ஸ் ஊழியரும் பொதுமக்களும் நினைவிற் கொள்ளக்கூடிய எளிய சோதனைகளை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வகுத்தனர். 1998 இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது, 'விரைவு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நான்கெழுத்துக்களில் அடங்கும். நமக்கு அவ்வெழுத்துக்கள் வேண்டியதில்லை. முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபுறம் இழுக்கின்றதா? கண்ணை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கின்றதா? தெரிந்த வாக்கியம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். சொல் குழறுகின்றதா, பொருந்தாத சொல் வருகின்றதா? மூன்றில் ஒன்று இருப்பினும் போதும், மணிக்கூட்டைப் பாருங்கள். அண்மைக் காலத்திலே, திடீரென நிலைதடுமாறுதலும் திடீரெனப் பார்வை மங்குதலும் இவற்றோடு சேர்க்கப்பட்டன. என்றுமில்லாத கடுந்தலையிடி திடீரென வருதல் இரத்தப் பெருக்கின் குறியாகலாம். முகத்தை மட்டும் பற்றும் வேறொரு வாதம் உண்டென்பது உண்மையே. அதுதானா இது என்று வீட்டிலிருந்து ஆராய்தல் நம் வேலையன்று.

இனி நான் முதலிற் சொல்லாது விட்ட காரணத்துக்கு வருகிறேன். 1984 ஆம் ஆண்டின் இறுதியிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் வீடுகளையும் வயல்களையும் விட்டு வெளியேற நேர்ந்தது. போர் 2009 இல் முடிந்த பின்னரே அவர்கள் சிறிது சிறிதாகத் திரும்பினர். இடைப்பட்ட கால் நூற்றாண்டைச் சற்றே எண்ணுங்கள். தமிழுலகம் முழுவதும் இந்நோயைப் பற்றிப் பேசியது அந்த 1984 இலேயே. நாவலப்பிட்டியிற் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் அவ்வாண்டு ஒக்ரோபரிற் சிறுநீரக நோயோடு பாரிசவாதமுங் கண்டு சென்னையிலும் பின் அமெரிக்காவிலும் வைத்தியம் பெற்றார். உயிர் மீண்டது, ஆட்சியும் மீண்டது, அவருடைய தெளிந்த பேச்சு மீளவேயில்லை. அதுவே அக்காலத்து மருத்துவத்தின் எல்லை. கரைக்கும் மருந்து வந்தது 1995 இல், முகம் கை பேச்சு என்னும் சோதனை வந்தது 1998 இல், நாலரை மணி எல்லை வந்தது 2008 இல். இவையனைத்தும் கொக்கிளாயார் கொக்கிளாயில் இல்லாத காலத்தவை. அக்காலத்தில் அவர்கள் தங்கியிருந்த வன்னிப் பகுதிகளிலோ சாதாரண மருந்து செல்வதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. குறியின் பழைய பொருளோடு ஊரைவிட்டுச் சென்றவர்கள், அதன் பொருள் மாறிய உலகத்திலே ஊருக்குத் திரும்பியிருக்கின்றனர். அவர்களுக்கு அதனை எவரேனும் எடுத்துச் சொல்லினரோ?

முற்காலத்து வன்னிக்குப் பெரும் பகை மலேரியாக் காய்ச்சல். அதற்கான குறிகளை அங்குள்ள பாட்டிமார் எவருங் கற்பிக்காமலே அறிவர். நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்று வரிசை பிசகாமற் சொல்வர். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென உலக சுகாதார தாபனத்தால் உறுதிசெய்யப்பட்டது. பழைய பகைவனை அறிந்த அதே கூர்மை புதியவனை அறியவும் போதுமானது.

கொக்கிளாயிலே ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இரவு களப்பிலே தொழில் செய்து விடியற் சாமத்தில் வந்தவர் தேநீர்க் கோப்பையை எடுக்கின்றார், கோப்பை நழுவுகின்றது, வாய் ஒருபுறம் போகின்றது. மனைவி 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட, அவர் சொல்லும் மறுமொழி விளங்கவில்லை. இப்பொழுது ஒரு சாமப் பொழுதுக்கான கணக்குத் தொடங்கிவிட்டது. எண்ணெய் காய்ச்ச அரை மணி, மூத்த மகனுக்குச் சொல்லியனுப்ப அரை மணி, 'விடியட்டும் பார்ப்போம்' என்பதற்கு ஒரு மணி என்று போனால், 40 கிலோமீற்றர் வீதிக்கு மிஞ்சுவது சொற்பமே. முல்லைத்தீவை அடைந்தபின் ஸ்கான் எடுக்கவேண்டும். அதற்காகவோ மருந்துக்காகவோ மேலும் பெரியதொரு வைத்தியசாலைக்கு அனுப்பவும் நேரலாம். அந்த மருந்து எல்லா வைத்தியசாலைகளிலும் உள்ளதன்று. ஆகையாற் சிக்கனப்படுத்தக் கூடிய நேரம் வீட்டிலுள்ள நேரமே. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கும் விரிந்தது. அழைக்கும்போதே 'பாரிசவாதம் போலிருக்கிறது' என்னும் சொல்லைச் சொல்லவேண்டும். மயக்கம் என்று சொன்னால் வேறு பொருளாகும்.

வண்டி வருமளவும் செய்வதைவிடச் செய்யாதிருப்பதே பெரிது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கலாம். ஆதலின் தண்ணீர், கசாயம், மாத்திரை ஒன்றும் வாயில் ஊற்றவோ இடவோ கூடாது. அஸ்பிரின் கொடுத்தல் வெடிப்பாயிருப்பின் கேடு செய்யும். அழுத்த மாத்திரையைத் தாமாக இரட்டித்துக் கொடுத்தலும் ஆகாது. நினைவு குன்றியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவர் வழக்கமாக உண்ணும் மாத்திரைகளைப் பையோடு எடுத்து வைத்தாற் போதும். பரியாரியாரின் எண்ணெய்க்கும் பிடித்துவிடுதலுக்கும் பின்னர் ஓர் இடம் இருக்கலாம். அதனை வைத்தியரிடம் கேட்டறியலாம். முதற் சாமத்திலே அதற்கு இடமில்லை. நேரம் கடந்துவிட்டதே என்று வீட்டோடு இருந்துவிடுதலும் பிழை. கரைக்கும் மருந்து கிட்டாதவருக்கும் வைத்தியசாலைப் பராமரிப்பினால் உயிரும் நடையும் மீள்வது பலமுறை காட்டப்பட்ட உண்மை.

வைத்தியசாலை வாயிலிலே முதலிற் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. எப்பொழுது கண்டீர்கள் என்பதன்று. 'கடைசியாக அவர் நன்றாயிருந்ததை எப்பொழுது கண்டீர்கள்?' என்பதே. உறக்கத்திலே வாதம் விழுந்தவருக்கு, விழித்த நேரம் கணக்கன்று. படுக்கப் போன நேரமே கணக்கு. ஸ்டாலினுடைய காவலருக்கு அவ்வினாவுக்கு விடை தெரியாது. சிற்றூர் வீட்டிலோ விடை சொல்லப் பலர் இருப்பர். வலை இழுத்து வந்தபோது கதைத்தவர் ஒருவர், கடையிலே வெற்றிலை கொடுத்தவர் ஒருவர். மணிக்கூடு பாராதவராயினும், 'வானொலியிலே காலைச் செய்தி தொடங்கையில் நல்லாய்க் கதைத்தவர், செய்தி முடியேக்கை வாய் கோணிப் போச்சு' என்று சொல்லத் தெரிந்த பெண்மணி ஒருத்தி உடன் வந்திருந்தால், வைத்தியர் தம் தாளிலே நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.